அலுமினிய வெல்டிங்: கோணல் தொடங்கும் இடம்

வெல்டு போட்ட அலுமினியத் தளப் பலகை ஒன்று நெளிந்து வந்துவிட்டால் பட்டறையில் முதல் பார்வை வெல்டிங் டார்ச் பிடித்தவர் மீதுதான் விழும். "யார் வெல்டு அடிச்சது இதை?" என்று ஃபோர்மேன் கேட்பார். சிங்கப்பூரின் துவாஸ், பெனோய், பென்ஜுரு பக்கத்துப் பட்டறைகளில் அப்படித் திரும்பிப் பார்க்கப்படுபவர் பல நேரங்களில் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துத் தம்பியாகவோ வங்கதேசத்து ஊழியராகவோ இருப்பார். கை சரியில்லை, வேகம் சரியில்லை என்று பேச்சு போகும். வேகத்துக்கும் கைக்கும் பங்கு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அலுமினியத்தின் இயல்பைக் கொஞ்சம் கவனித்தால் ஒன்று தெளிவாகும்: கோணலில் பெரும்பகுதி ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்பொறி) பிடிக்கும் முன்பே வரைபடத்திலும், தகடு வெட்டிய மேசையிலும், தகடுகளைப் பொருத்தும் ஃபிட்டர் விட்ட இடைவெளியிலும் முடிவாகிவிடுகிறது. கடைசியில் நிற்கிற ஆள் மாட்டிக்கொள்கிறார்.

இங்கே அலுமினிய வேலை குறைவில்லை. ஹார்பர்ஃபிரண்டிலிருந்து இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போகும் விரைவுப் படகுகள், கடலில் உள்ள எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் படகுகள், ரோந்துப் படகுகள், படகுத்துறைகளின் நடைபாலங்கள், மேடைகளின் உச்சியிலுள்ள ஹெலிகாப்டர் தளங்கள் எல்லாம் இதில் அடங்கும். பெங்குவின், ஸ்ட்ராட்டஜிக் மரீன் போன்ற நிறுவனங்கள் அலுமினியப் படகுகளையே முக்கியத் தொழிலாக வைத்திருக்கின்றன. எம்ஆர்டி ரயில் பெட்டிகளின் உடலும் அலுமினியம்தான். அவை வெளிநாட்டில் கட்டி இங்கே கொண்டுவரப்படுபவை. அலுமினியத்தைத் தேடுவதற்குக் காரணம் எளிது. ஒரு கன மீட்டர் எஃகு 7,850 கிலோ இருக்கும், அலுமினியம் 2,700 கிலோதான். எடை குறைந்தால் வேகம் கூடும், எரிபொருள் மிஞ்சும். அந்தச் சலுகைக்கு விலை கொடுப்பது வெல்டிங் பகுதி.

வெல்டின் பக்கத்தில் சூடாகும் உலோகம் விரியப் பார்க்கிறது. சுற்றிலும் உள்ள குளிர்ந்த தகடு அதை விடுவதில்லை. விரிய இடமில்லாமல் சூடான பகுதி தனக்குள்ளேயே நசுங்கித் தடிக்கிறது. பிறகு ஆறும்போது சுருங்குகிறது. நசுங்கிப் போன அளவு மட்டும் திரும்ப வருவதில்லை. ஆரம்பத்தில் இருந்ததைவிடக் குட்டையாகப் பார்த்துப் பக்கத்துத் தகட்டை இழுக்கிறது. நாம் கோணல் என்று சொல்வது இந்த இழுப்பைத்தான். இதற்குப் பெரிய சூடு தேவை என்று நினைக்க வேண்டாம். இரு முனையிலும் இறுக்கிக் கட்டிய, மென்மையான நிலையிலுள்ள 5083 (மக்னீசியம் கலந்த அலுமினியக் கலவை) தகட்டின் ஒரு பகுதி வெறும் 85, 90 டிகிரி கூடுதலாகச் சூடானாலே நிரந்தரமாக நசுங்கத் தொடங்கிவிடும். வெல்டுக் குளமோ 600 டிகிரிக்கும் மேல். அப்படியானால் வெல்டின் இரு பக்கமும் எவ்வளவு அகலத்துக்கு இந்த நசுங்கல் நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எஃகிலும் இதே கதைதான், அங்கே ஏறக்குறைய 100 டிகிரி. பிறகு ஏன் அலுமினியத்தை மட்டும் குறை சொல்கிறோம்? ஒன்று, ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைப் போல இரண்டு மடங்கு நீள்கிறது. மீட்டருக்கு, டிகிரிக்கு 24 மைக்ரான். இரண்டு, உருகிய அலுமினியம் உறையும்போது கன அளவில் சுமார் 6 சதவீதம் சுருங்குகிறது. எஃகின் சுருக்கம் இதைவிடக் கணிசமாகக் குறைவு. மூன்று, சூடு ஓரிடத்தில் நிற்பதில்லை. 5083 கலவை சாதாரண எஃகைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும், வெப்பத்தால் பதப்படுத்திய 6061-டி6 கலவை மூன்று மடங்குக்கு மேல். டார்ச் போகும் முன்னரே முன்னாலுள்ள தகடு சூடாகிவிடுகிறது. ஆரம்பத்தில் சரியாகப் பிடிக்காத ஆர்க் முடிவில் ஓட்டை போடுவது இதனால்தான். போதாததற்கு அலுமினியம் சிவப்பதும் இல்லை. எஃகு செக்கச் செவேல் என்று மாறி எச்சரிக்கும். இது உருகிக் கீழே விழும்வரை வெள்ளையாகவே நிற்கும்.

மெல்லிய தகட்டில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. சுருங்கும் வெல்டு தகட்டை அமுக்கும்போது, ஓர் எல்லை தாண்டினால் தகடு அப்படியே புடைத்துவிடும். அந்த எல்லை தகட்டின் தடிமனுக்கும் சட்டங்களுக்கு நடுவிலுள்ள அகலத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 8 மி.மீ. தகட்டுக்குப் பதில் அதே சட்ட இடைவெளியில் 4 மி.மீ. தகட்டைப் போட்டால், அது பாதி சுருக்கத்தில் புடைக்காது. நாலில் ஒரு பங்கு சுருக்கத்திலேயே புடைத்துவிடும். எடை குறைக்கிறோம் என்று வரைபடத்தில் 6-ஐ 4 ஆக்கும் பொறியாளருக்கு இந்த வர்க்கக் கணக்கு நினைவில் இருந்தால் நல்லது. கடலில் சாயங்கால வெயில் சாய்வாக அடிக்கும்போது சில படகுகளின் பக்கச்சுவரைப் பார்த்தால், விலா எலும்பு துருத்திய மெலிந்த மாட்டைப் போல உள்ளே இருக்கும் ஃபிரேம் ஒவ்வொன்றும் வெளியே தெரியும். அது வெல்டர் ஒருவரின் கைவண்ணம் இல்லை.

வெயில் என்றதும் நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூர்ப் பட்டறைகளில் நிழல் எல்லா இடத்திலும் கிடைக்காது. கூடாரத்துக்குள் ஒரு பாதியும் வெளியே ஒரு பாதியுமாகக் கிடக்கும் 10 மீட்டர் தளப் பலகையை எடுத்துக்கொள்வோம். வெயில் பக்கம் நிழல் பக்கத்தைவிட 20 டிகிரி சூடாக இருந்தால், அந்த ஓரம் மற்ற ஓரத்தைவிட கிட்டத்தட்ட 5 மி.மீ. நீளமாக நிற்கப் பார்க்கும். மத்தியானம் அப்படியே அளந்து, தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் டேக் வெல்டு போட்டால், சாயங்காலம் அது வேறு அளவில் இருக்கும். அனுபவமுள்ள ஃபிட்டர்கள் முக்கியமான அளவுகளைக் காலையில் தகடு முழுவதும் ஒரே சூட்டில் இருக்கும்போது எடுத்துவிடுவார்கள். அட்டவணை போடுபவர் அந்தக் காலை நேரத்தைக் கூட்டத்துக்கும் காகித வேலைக்கும் ஒதுக்கிவிட்டால், ஃபிட்டர் என்ன செய்வார்?

அடுத்தது வெல்டின் பருமன். இதில் கிடைக்கும் லாபம் பெரிது, செலவு எதுவும் இல்லை, ஆனால் அதிகம் தவறவிடுவதும் இதைத்தான். மூலையில் போடும் முக்கோண வெல்டுக்கு (ஃபில்லட்) வரைபடம் 6 மி.மீ. பக்க அளவு, அதாவது லெக், கேட்கிறது. பயத்தில், அல்லது இன்ஸ்பெக்டர் குறை சொல்லக்கூடாது என்பதில், 8 மி.மீ. அடிக்கிறோம். வெறும் 2 மி.மீ. கூடுதல்தானே? குறுக்குவெட்டைக் கணக்கிட்டால் 6 மி.மீ. ஃபில்லட் 18 சதுர மி.மீ., 8 மி.மீ. ஃபில்லட் 32 சதுர மி.மீ. உலோகமும் சுருக்கமும் 78 சதவீதம் கூடிவிட்டன. "கொஞ்சம் பெருசா அடி, பலமா இருக்கும்" என்று சொல்லும் மேற்பார்வையாளர்தான் மறுநாள் கோணலைப் பார்த்துக் கத்துவார். வரைபடத்திலும் இதே நோய் உண்டு. 4 மி.மீ. போதும் என்று கணக்கு சொல்லும் இடத்தில் படம் முழுக்க 6 என்று எழுதிவைப்பது சுலபம். பிறகு படகு முழுக்க அந்த 6 பரவிவிடும்.

இடைவெளியும் அப்படித்தான். 6 மி.மீ. தகடுகள் இரண்டை நேருக்கு நேர் சேர்க்கும்போது, வெட்டு சரியில்லாமல் 3 மி.மீ. இடைவெளி கூடிவிட்டால், நிரப்ப வேண்டிய கூடுதல் பரப்பு 18 சதுர மி.மீ. ஒரு முழு 6 மி.மீ. ஃபில்லட்டைச் சும்மா சேர்த்து அடிப்பதற்குச் சமம். தகட்டைக் கணினி ரூட்டரில் வெட்டிய பட்டறைக்கும் கையால் வெட்டி கிரைண்ட் செய்த பட்டறைக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும். தடித்த தகட்டின் ஓரத்தில் ஒரு பக்க வி வடிவப் பள்ளத்துக்குப் பதிலாக இரண்டு பக்கமும் வி வெட்டினால் உலோகமும் குறையும், இரண்டு பக்கச் சுருக்கமும் ஒன்றையொன்று சமன்செய்யும். ஆனால் மறுபக்கம் டார்ச் போக இடமிருக்க வேண்டும். அதையும் வரைபடம்தான் முடிவு செய்கிறது.

இப்போது டார்ச்சுக்கு வருவோம். கோணல் வந்தால் "ஆம்பியரைக் குறை" என்று சொல்வது பழக்கம். இது பல சமயம் தலைகீழான ஆலோசனை. ஒரு மில்லிமீட்டர் வெல்டுக்குள் எவ்வளவு சூடு போகிறது என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் மட்டும் பொறுத்ததல்ல, வேகத்தையும் பொறுத்தது. கணக்குக்காக, வயரே ஆர்க் பிடித்து உருகி நிரப்பும் மிக் முறையை எடுத்துக்கொள்வோம்: 24 வோல்ட், 200 ஆம்பியர், நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகம் என்றால் மில்லிமீட்டருக்கு 0.48 கிலோஜூல். அதையே 26 வோல்ட், 300 ஆம்பியர் என்று கூட்டி, 1,200 மி.மீ. வேகத்தில் போனால் 0.39 தான். கூடுதல் ஆம்பியர், குறைவான சூடு! அலுமினியத்தில் சூடு ஓடிப் பரவுவதால் மெதுவாகப் போகிறவர் தோற்றுப்போவார். சூடாக அடித்து வேகமாக நகர்வதுதான் வழி. டங்ஸ்டன் முனையில் ஆர்க் பிடிக்கும் டிக் முறையில் 180 ஆம்பியர், 14 வோல்ட், நிமிடத்துக்கு 120 மி.மீ. என்று நிதானமாகப் போனால் மில்லிமீட்டருக்கு 1.26 கிலோஜூல் ஆகிவிடும். டிக் ஆர்க்கின் சூட்டில் கொஞ்சம் வீணாகிறது என்று கழித்தாலும் மிக் முறையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிக் வெல்டு பார்க்க அழகாக இருக்கும், உண்மைதான். நீளமான தளப் பலகையில் அந்த அழகுக்கு நெளிவைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டும். மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாகக் கொடுக்கும் பல்ஸ் மிக் இயந்திரங்கள் வந்தபிறகு மெல்லிய தகட்டிலும் சராசரி ஆம்பியரைக் குறைத்து வேகமாக ஓட முடிகிறது. இயந்திரம் பழையது என்றால் வெல்டரைத் திட்டிப் பயனில்லை.

வரிசைமுறையில்தான் அனுபவத்துக்கு மரியாதை. நேர் இணைப்புகள் அதிகம் சுருங்கும், அதனால் அவை முதலில்; ஃபில்லட்டுகள் பிறகு. பலகையின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் போக வேண்டும். அப்போதுதான் சுருக்கம் பூட்டப்படாமல் வெளியே போகும். ஒரு சட்டத்தின் இரு பக்கமும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் அடித்தால், சட்டம் எந்தப் பக்கமும் சாயாது. நீள வெல்டை ஒரே ஓட்டமாக ஓடாமல் 200, 300 மி.மீ. துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் முன்னேறும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி அடிக்கும் முறை எஃகில் பழக்கமானது. அலுமினியத்திலும் அது வேலை செய்யும். ஆனால் ஒரு கவனம் வேண்டும். வெல்டு நிற்கும் இடத்தில் குழி விழும், குழியில் விரிசல் வரும். துண்டு கூடக் கூட நிற்கும் இடங்களும் கூடும். பின்னோக்கி அடிக்கும்போது ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டின் தொடக்கத்தில் போய் முடிவதால், அந்தத் தொடக்கத்தைக் கொஞ்சம் கிரைண்ட் செய்து சரித்துவைக்க வேண்டும், குழியை நிரப்பிய பிறகே ஆர்க்கை விட வேண்டும். கோணலுக்குப் பயந்து கண்டபடி துண்டு போட்டால் கோணல் இல்லாத, விரிசலுள்ள பலகை கிடைக்கும்.

இதில் உள்ளூர் நடைமுறை ஒன்றும் சேர்கிறது. 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு அறிவித்த விதிப்படி, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் வெப்பக் குறியீடு 32 டிகிரியைத் தொட்டால், வெளியிடத்தில் கடினமான உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரத்திலும் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33-ஐத் தொட்டால் 15 நிமிடம். இந்த ஓய்வை வேலைக்குத் தடை என்று முணுமுணுக்கிறவர்கள் உண்டு. வெல்டு வரிசையை எழுதும்போதே துண்டு முடியும் இடத்தில் ஓய்வு விழும்படி பார்த்துக்கொண்டால், ஆளும் ஆறுவார், தகடும் ஆறும். அமெரிக்க அலுமினியக் கட்டமைப்பு வெல்டிங் விதியான ஏடபிள்யூஎஸ் டி1.2, 6000 வரிசைக் கலவைகளிலும் மக்னீசியம் 3 சதவீதத்துக்கு மேலுள்ள 5000 வரிசையிலும் ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில் தகடு 120 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. சிவக்காத உலோகத்தில் அதைக் கண்ணால் சொல்ல முடியாது. சூடு காட்டும் சாக்குக்கட்டியோ, தொட்டு அளக்கும் கருவியோ கையில் இருக்க வேண்டும்.

தகட்டை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், ஜிக், ஸ்ட்ராங்பேக் பற்றி இரண்டே வார்த்தை. இவை கோணலைக் கட்டுப்படுத்தும், சுருங்கும் விசையை அழிக்காது. அந்த விசை உள்ளேயே பூட்டிக் கிடக்கும். தகடு கைச்சூட்டுக்கு வரும் முன்னே கழற்றினால் பாதி திரும்பிவிடும். பிறகு அதே பலகையில் ஒரு துளையோ சாளரமோ வெட்டினால் மீதி வெளிவரும். எவ்வளவு சாயும் என்று முன்பே தெரிந்த இடங்களில் எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துவைத்து அடிப்பது இதைவிட நல்ல வழி. அதற்கு ஒரே மாதிரிப் பலகைகள் பல தொடர்ந்து வர வேண்டும், முதல் பலகையின் சாய்வை யாராவது அளந்து எழுதியும் வைத்திருக்க வேண்டும். எழுதிவைக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் கொஞ்சம் கம்மி.

கோணலைப் பற்றிப் பேசும்போது யாரும் பேசாத ஒரு மூலை, திருத்த வேலை. ஒரு வெல்டில் பொடிப்பொடியாகக் காற்றுத்துளை இருப்பதாக எக்ஸ்ரே காட்டினால், தோண்டி எடுத்துத் திரும்ப அடிக்க வேண்டும். தோண்டிய பள்ளம் முதலில் இருந்த வி-யைவிட அகலம். இறுக்கிப் பூட்டிய நிலையில், ஆறிப்போன பலகையில், ஒரே இடத்தில் இரண்டாவது முறை சூடு போகிறது. வரிசைமுறை எதுவும் அங்கே செல்லாது. நன்றாக வந்த பலகை திருத்தத்தில் கெட்டுப்போவது வெகு சாதாரணம்.

காற்றுத்துளைக்குக் காரணம் ஹைட்ரஜன், ஹைட்ரஜனுக்குப் பெரும்பாலும் காரணம் ஈரம். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை நிறையக் கரைத்து வைத்துக்கொள்ளும்; உறையும் நொடியில் அதன் பெரும்பகுதியை வெளியே தள்ளும். வெளியேற நேரம் கிடைக்காத வாயு உள்ளே குமிழாக நின்றுவிடும். சிங்கப்பூரின் காற்று ஆண்டு முழுக்க சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் கொண்டது. பனி படியும் வெப்பநிலை 24, 25 டிகிரிவரை இருக்கும். வயர் சுருளை ஈரம் படாமல் காப்பதற்காக ஏர்கான் அறையில் 22 டிகிரியில் வைக்கிறோம். அதை நேராக வெளியே கொண்டுவந்து உறையைப் பிரித்தால், குளிர்ந்த வயர் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடும். பாதுகாத்ததே வினையாகிறது. உறையைப் பிரிக்காமல் சில மணி நேரம் பட்டறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பிறகு மாட்டினால் இந்தத் தொல்லை பெரிதும் தீரும். அப்புறம் துடைப்பு: முதலில் அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும், பிறகு அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய ஸ்டெயின்லெஸ் பிரஷ். முறை மாறினால் பிரஷ் எண்ணெயை ஆக்சைடுக்குள் தேய்த்துவிடும். அந்த ஆக்சைடு உருகச் சுமார் 2,050 டிகிரி வேண்டும், கீழுள்ள அலுமினியமோ 660-லேயே உருகிவிடும். ஆர்க் பக்கம் விசிறி வைக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புழுக்கத்தில் வைக்கத்தான் தோன்றும், வெல்டைக் காற்றிலிருந்து காக்கும் ஆர்கான் வாயுத் திரை கலைந்துவிடும்.

சரி, எல்லாம் தாண்டிக் கோணிவிட்டது. எஃகுக் கப்பலில் என்றால் பர்னரைக் காட்டி, கோடு கோடாகச் சூடேற்றி, தண்ணீர் ஊற்றி நிமிர்த்திவிடுவார்கள். ஜூரோங்கின் பழைய கைகள் பலருக்கு அது கைவந்த கலை. அதே கலையை அலுமினியத்தில் காட்டினால் ஆபத்து. 6061-டி6 தன் பலத்தை வெப்பப் பதப்படுத்தலில் பெற்றது. அதன் இழுவலிமை 290 மெகாபாஸ்கல் அளவில் இருந்தாலும், வெல்டு போட்ட இணைப்புக்கு டி1.2 விதி எதிர்பார்ப்பது 165 மட்டுமே. இந்த மென்மை வெல்டின் இருபுறமும் சுமார் 25 மி.மீ. பரவும் என்று வடிவமைப்பில் எடுத்துக்கொள்வார்கள். நிமிர்த்துகிறேன் என்று பர்னரைக் காட்டினால், காட்டிய இடமெல்லாம் அந்த மென்மைப் பட்டியாக மாறும், மேலே எதுவும் தெரியாது. 5083-இன் கடினப்படுத்திய வகையான 5083-ஹெச்116 இவ்வளவு இழப்பதில்லை, 305-லிருந்து 275 வரைதான். படகின் அடிப்பகுதித் தகடு அதுவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதில் மக்னீசியம் 3 சதவீதத்துக்கு மேல். 65-க்கும் 200-க்கும் இடைப்பட்ட சூட்டில் நெடுநேரம் வைத்தால் மக்னீசியம் உலோக மணிகளின் விளிம்பில் ஒதுங்கும், கடல் நீர் அந்த விளிம்பு வழியாக அரிக்கத் தொடங்கும். ஆகவே பல இடங்களில் கடைசியில் புட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். எடை குறைக்கத்தான் அலுமினியம் வாங்கினோம் என்பதை இந்தக் கட்டத்தில் யாரும் நினைவூட்டுவதில்லை.

வெல்டைக் குறைப்பதே சிறந்த வெல்டிங் என்று நம்புகிறவன் நான். சட்டமும் தகடும் ஒரே துண்டாக அச்சிலிருந்து பிதுக்கி எடுத்த அலுமினியப் பலகைகள் கிடைக்கின்றன. ஒரு பலகைக்கு நாலைந்து நீள ஃபில்லட்டுகள் அப்படியே மிச்சமாகும். இந்தப் பலகைகளைச் சேர்க்க, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள வெல்டிங் ஆய்வு நிறுவனமான டிடபிள்யூஐ 1991-இல் கண்டுபிடித்த உராய்வுக் கலக்கு முறை மிகப் பொருத்தம். சுழலும் கெட்டியான முனை ஒன்று இரு ஓரங்களையும் உருக்காமலே பிசைந்து சேர்த்துவிடும். உருகாததால் உறையும் சுருக்கமும் இல்லை, காற்றுத்துளையும் அரிது. ஆனால் பலகையைப் பெரும் விசையோடு அமுக்கிப் பிடிக்கும் கனமான மேசை வேண்டும், நீளமான கட்டடம் வேண்டும், அதை நிரப்ப ஆர்டரும் வேண்டும். நிலம் இவ்வளவு விலை விற்கும் ஊரில் சிறு பட்டறை அதைச் சொந்தமாக வைப்பதைவிட, சேர்த்த பலகைகளாக வாங்குவதே புத்திசாலித்தனம். வாங்கும்போது ஓரத்தில் சில மில்லிமீட்டர் கூடுதலாக விடச் சொல்லிவிட வேண்டும். படகில் வைத்த பிறகு ஃபிரேமோடு சேர்க்கும் வெல்டு பழைய மிக் டார்ச்சில்தான் நடக்கும், அங்கே சுருக்கம் இருந்தே தீரும். வெட்டி எடுக்க உலோகம் இருந்தால் ஃபிட்டர் பொருத்திக் கொள்வார். குறைவாக வந்தால் இடைவெளியை வெல்டர்தான் நிரப்ப வேண்டியிருக்கும்.